கேம்பிள் வீட்டில் வெள்ளைப் பெயின்ட் ஏறாமல் போன கதை

கலிஃபோர்னியாவின் பாசடீனா ஊரில் இருக்கும் கேம்பிள் ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது ஜப்பானியப் பாணி வீடா, கிராஃப்ட்ஸ்மேன் வீடா? ஒரு சோப்புக் கம்பெனிக் குடும்பத்தின் சொந்த வீடு எப்படி நகராட்சிக்குச் சொந்தமானது? வாங்க வந்தவர்கள் உள்ளேயிருக்கும் மரவேலைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னதைக் கேட்டு, உரிமையாளர்கள் வீட்டை விற்காமலே விட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னது நிஜமா? மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நூறு வருடத்துக்கு மேலான ஒரு மரவீடு நேற்று இழைத்து வைத்தது போல முழுசாக நிற்கிறதே, அது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி.

நான் கட்டடக் கலை படித்தவன். தென் கலிஃபோர்னியாவில் பழைய மரவீடுகளைச் சீரமைக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கேம்பிள் வீட்டில் நான் வேலை செய்ததில்லை. உங்களைப் போலவே டிக்கெட் வாங்கிப் பலமுறை போய்ப் பார்த்தவன். மரம், பொருத்து, கூரை பற்றிச் சொல்வதை என் கை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். குடும்பக் கதைகளை மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் உறுதியான தகவல்கள். வீட்டைக் கட்டச் சொன்னவர்கள் டேவிட் பெர்ரி கேம்பிள், அவர் மனைவி மேரி. டேவிட், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் கேம்பிளின் மகன். நிறுவனம் 1837-இல் சின்சினாட்டியில் தொடங்கியது. 1890-களின் நடுவில் டேவிட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அப்போதெல்லாம் கிழக்கிலும் நடு அமெரிக்காவிலும் இருந்த பணக்காரர்கள் பனிக்காலத்தைக் கழிக்கப் பாசடீனாவுக்கு வருவார்கள். முதலில் ஹோட்டலில் தங்குவார்கள். பிறகு சொந்த வீடு கட்டிக்கொள்வார்கள். கேம்பிள் தம்பதியும் அப்படித்தான். ஊரின் பெரிய மாளிகைகள் வரிசையாக நின்ற ஆரஞ்சு குரோவ் சாலையை விட்டுவிட்டு, அதன் அருகே அர்ரோயோ செக்கோ பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் அமைந்த வெஸ்ட்மோர்லேண்ட் பிளேஸ் என்ற சின்னத் தெருவில் மனை வாங்கினார்கள். 1908-இன் தொடக்கத்தில் வரைபடம் முடிந்தது, மார்ச்சில் வேலை தொடங்கியது, சுமார் பத்து மாதத்தில் வீடு எழும்பிவிட்டது. அந்த வீட்டுக்கென்றே வரைந்த மேஜை நாற்காலிகளெல்லாம் வந்து சேர 1910 ஆயிற்று.

வடிவமைத்தவர்கள் சார்லஸ் சம்னர் கிரீன், ஹென்றி மேதர் கிரீன் என்ற அண்ணன் தம்பி. இவர்களைப் புரிந்துகொள்ள எனக்கு மிக உதவிய விஷயம் அவர்களுடைய பள்ளிக்கூடம். செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில் இருவரும் படித்தார்கள். அங்கே பாடப் புத்தகத்தோடு மரவேலையும் உலோக வேலையும் கட்டாயம். அப்புறம்தான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை. அங்கே கிரேக்க, ரோமானியத் தூண்களை வரையப் பழக்கினார்கள். கையில் உளி பிடித்தவர்கள் பிறகு பென்சில் பிடித்தார்கள் என்பது அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். ஆசாரி வீட்டுப் பிள்ளை படித்து இன்ஜினியர் ஆனால் வரைபடம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் இவர்கள் வரைபடம். எந்தக் கழுந்து எந்தத் துளையில் உட்காரும், எந்த முனையை எவ்வளவு உருட்ட வேண்டும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

சரி, பாணிக்கு வருவோம். கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயர், கஸ்டவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பத்திரிகையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் தொடங்கிய கைவினை இயக்கத்தின் அமெரிக்கக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வார்த்த பூ வேலைப்பாடு வேண்டாம், மரம் மரமாகத் தெரியட்டும், கட்டிய விதம் கண்ணுக்குத் தெரியட்டும் என்பது அதன் கொள்கை. அதிலிருந்து பிறந்த சின்ன வீடுகளைத்தான் இங்கே பங்களா என்கிறார்கள். அந்தச் சொல் வங்காளத்து வீட்டைக் குறித்த சொல். நமக்குப் பங்களா என்றால் பெரிய வீடு, இவர்களுக்கோ முன்னால் தாழ்ந்த கூரையும் வராந்தாவும் உள்ள அடக்கமான வீடு. கிரீன் சகோதரர்கள் 1907-லிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் கட்டிய சில பெரிய வீடுகளைப் 'பங்களாக்களின் உச்சம்' என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அழைத்தார்கள். கேம்பிள் வீடு அதில் ஒன்று. சுமார் 8,000 சதுர அடி. மாடிக்கு மேலே இன்னொரு சின்ன மாடி. அளவில் மாளிகை, மனசில் பங்களா.

ஜப்பான் விஷயத்தில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் ஜப்பானுக்குப் போனதே இல்லை. 1893-இல் பெற்றோரைப் பார்க்கப் பாசடீனாவுக்கு ரயிலில் வந்தபோது வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியைப் பார்த்தார்கள். அங்கே ஜப்பான் அரசு ஹோ-ஓ-டென் என்ற மரக் கட்டடத்தை எழுப்பியிருந்தது. இதுவரை சரி. அந்தக் கட்டடத்தைப் பார்த்த கணத்தில் அவர்கள் கலை பிறந்தது என்று சிலர் எழுதுவது ஊகம். அதற்கப்புறம் பல வருடங்கள் அவர்கள் எல்லாரையும் போலச் சாதாரண வீடுகளைத்தான் கட்டினார்கள். கேம்பிள் வீட்டில் ஜப்பானிலிருந்து வந்தவை என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவை உண்டு. கதவுச் சட்டத்திலும் நாற்காலி முதுகிலும், நேராகப் போகிற கோடு ஓரிடத்தில் மெல்லப் படியேறி மறுபடி நேராகும். மேக வடிவம் என்பார்கள். சாப்பாட்டு மேஜையின் வடிவம் ஜப்பானிய வாளின் கைப்பிடிக் காப்பிலிருந்து எடுத்தது. ஆனால் சுவருக்குள் இருக்கும் எலும்பு அமெரிக்க மரச்சட்டம்தான். நீண்டு வெளியே வரும் கூரையில் சுவிட்சர்லாந்து மலைவீட்டின் சாயலும் இருக்கிறது. அதனால் என் பதில்: இது கிராஃப்ட்ஸ்மேன் வீடு, ஜப்பானிடமிருந்து இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு கலிஃபோர்னியா மொழியில் பேசிய வீடு.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானிய அழகை இப்படி ஆசையாக வீட்டுக்குள் கொண்டுவந்த அதே கலிஃபோர்னியா, 1913-இல் ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்பது சட்டம். குறி வைத்தது ஜப்பானியர்களை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் குடியுரிமை வழக்கில் இந்தியர்களுக்கும் குடியுரிமைத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், நம்மவர்களும் அதே வலைக்குள் வந்தார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை 1952-இல்தான் செல்லாது என்றது. இந்த ஊரில் ஒரு வீட்டின் உரிமை வரலாற்றைப் பேசும்போது, யார் சொந்தக்காரராகியிருக்க முடியாது என்பதும் அந்த வரலாற்றில் ஒரு பக்கம்.

இனி மரம். நீங்கள் முன்கதவைத் திறந்து நுழைந்ததும் பார்த்த கூடம் பர்மாத் தேக்கு. வசதியான செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தூண்களும் அதே பர்மாத் தேக்குதான், ஏறக்குறைய அதே காலம். ரங்கூனிலிருந்து ஒரு பக்கம் காரைக்குடிக்கும் இன்னொரு பக்கம் பசிபிக் கடலைத் தாண்டிப் பாசடீனாவுக்கும் அந்த மரம் போயிருக்கிறது. முன்கதவிலிருந்து பின்பக்க மேடைவரை பார்வை நேரே ஓடுவதையும் கவனித்திருப்பீர்கள். ஊர்ப்பக்கத்து இரண்டாங்கட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. சாப்பாட்டு அறையில் மஹாகனி, மாடியில் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர், வெளியே சுவர் முழுக்கச் செம்மரச் சில்லுகள். இந்தச் செம்மரம் நம்மூர் செஞ்சந்தனம் இல்லை, கலிஃபோர்னியாவின் ரெட்வுட். ஒவ்வோர் அறைக்கும் எந்த மரம் என்பது வெளிச்சத்தையும் அறையின் பயனையும் பார்த்து எடுத்த முடிவு. சமையலறைக்கு வெளிர் மேப்பிள். துடைத்தால் சுத்தமாகும், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். வேலைக்காரர்கள் புழங்கும் அறைதானே என்று வேலையைக் குறைக்கவில்லை. அங்கேயும் விளிம்புகள் உருட்டி இழைத்தவை.

வீட்டைக் கட்டியவர் ஸ்வீடனில் பிறந்த பீட்டர் ஹால். மேஜை நாற்காலிகளும் உள்மரவேலையும் அவர் சகோதரர் ஜான் ஹாலின் மேற்பார்வையில் நடந்தன. முன்கதவில் ஓக் மரம் கிளை விரித்து நிற்கும் கண்ணாடி வேலை எமில் லாங்கே செய்தது. இந்தப் பெயர்களைச் சொல்லாமல் கட்டடக் கலைஞர் பெயரை மட்டும் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். மேஜையிலும் நாற்காலியிலும் சதுரமாகச் சின்னச் சின்னக் கறுப்பு முளைகள் தெரியும், கருங்காலி. அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய இடத்தில் அந்த முளைக்குக் கீழே ஒரு திருகாணி ஒளிந்திருக்கிறது. சில இடங்களில் திருகாணி நிற்கும் துளையை வட்டமாகப் போடாமல் கொஞ்சம் நீளவாக்கில் போட்டிருப்பார்கள். காரணம், மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். துளையில் இடம் இருந்தால் மரம் நகரும், வெடிக்காது. கேம்பிள் வீட்டுப் பலகைகள் இத்தனை வருடம் பிளக்காமல் இருப்பதற்கு அந்த நீளத் துளைகளுக்கும் பங்கு உண்டு. நல்ல ஆசாரிக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டின் பலவீனமும் அதே கைவேலையில்தான் இருக்கிறது. கூரையின் கைமர நுனிகள் கூரை விளிம்பையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிழல் சுவரில் விழும்போது பார்க்க அத்தனை அழகு. ஆனால் மழை நேரே மரத்தின் வெட்டுமுகத்தில் இறங்கும். வெட்டுமுகம் என்பது உறிஞ்சுகுழாய் மாதிரி. தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், வைரம் பாய்ந்த கட்டையாக இருந்தாலும் ஒருநாள் உளுத்துப் போகும். இந்த வகை வீடுகளில் நான் முதலில் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது அந்த நுனிகளைத்தான். கேம்பிள் வீட்டின் வெளிப்புறத்தை 2003, 2004-இல் பெரிய அளவில் சீரமைத்தபோது இந்த உளுத்த மரங்கள்தான் முக்கியமான வேலை. பழைய மரத்தை முடிந்தவரை எடுக்காமல், கெட்ட பகுதியை மட்டும் சுரண்டிப் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தும் முறையைக் கையாண்டார்கள். எளிதான வழி வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அவர்கள் அதைச் செய்யாததற்காக எனக்கு மரியாதை உண்டு.

இப்போது உரிமை. சாதாரணமாக இந்த வயதுள்ள ஒரு பாசடீனா வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், அதாவது கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் பத்திர வரிசையை எடுத்தால், எட்டு பத்துக் கைமாற்றம் இருக்கும். ஒவ்வொரு கைமாற்றமும் வீட்டில் ஒரு தழும்பை விட்டிருக்கும். ஒருவர் சமையலறையை இடிப்பார், அடுத்தவர் மர ஜன்னலை எடுத்து அலுமினியம் போடுவார், இன்னொருவர் வராந்தாவை அடைத்து அறையாக்குவார். பத்திரத்தைப் பார்க்காமலே சுவரைப் பார்த்து எத்தனை பேர் கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். கேம்பிள் வீட்டின் வரிசையோ மிகச் சின்னது. டேவிட் 1923-இல் காலமானார், மேரி 1929-இல். மேரியின் தங்கை ஜூலியா ஹக்கின்ஸ் அவர்களோடு அங்கேயே வாழ்ந்தவர். அவர் 1943 வரை அந்த வீட்டில் இருந்தார். பிறகு மூத்த மகன் செசிலும் அவர் மனைவி லூயிஸும் 1946-இல் குடிவந்தார்கள். 1966-இல் குடும்பம் வீட்டைப் பாசடீனா நகரத்துக்குக் கொடுத்தது. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளியோடு சேர்ந்து பராமரிப்பது என்று ஒப்பந்தம். இவ்வளவுதான். அந்த வீடு ஒருநாளும் அந்நியருக்கு விற்கப்படவில்லை. உங்கள் மூன்று கேள்விக்கும் அடியில் இருந்த கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வாக்கியம்தான்.

வெள்ளைப் பெயின்ட் கதைக்கு வருகிறேன். செசிலும் லூயிஸும் வீட்டை விற்க யோசித்தார்கள், வாங்க வந்தவர்கள் மரவேலைக்கு வெள்ளை அடிப்பதைப் பற்றிப் பேசினார்கள், உடனே விற்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள் என்பது குடும்பத்தின் வழியாக வந்து, வீட்டை நிர்வகித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. இது வாய்வழிக் கதை. பத்திரத்தைப் போல எடுத்து நீட்டக்கூடியது அல்ல. ஆனாலும் நான் நம்புகிறேன். 1915-இல் சான் டியாகோ கண்காட்சிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமான ஸ்பானியப் பாணி மேல் மோகம் வந்துவிட்டது. கிரீன் சகோதரர்களுக்கு வேலை குறைந்தது. சார்லஸ் 1916-இல் கார்மெல் ஊருக்குக் குடிபெயர்ந்தார், 1922-இல் நிறுவனமே கலைந்தது. 1940-களில் இருண்ட மரச்சுவர் என்றால் தாத்தா காலத்து இருட்டு என்றுதான் அர்த்தம். வெள்ளை அடிப்பது அன்றைக்குப் புத்திசாலித்தனமாகப் பட்ட காரியம்.

அது என்ன செய்யும் என்பதை நான் கையால் அறிவேன். 1912-இல் கட்டிய ஒரு சின்ன வீட்டில், சாப்பாட்டு அறைப் பலகைகள்மேல் யாரோ எப்போதோ அடித்த வெள்ளையை எடுக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அடியில் டக்ளஸ் ஃபர் மரம். பழைய பெயின்டில் ஈயம் இருந்ததால் காய்ச்சிச் சுரண்ட முடியாது. முகமூடி போட்டு, மருந்து பூசி, கையால் ஒவ்வோர் அங்குலமாக எடுத்தோம். வாரக்கணக்கில் ஆயிற்று. முடித்த பிறகும் மரத்தின் ரேகைகளுக்குள் வெள்ளை தங்கிவிட்டது. நிறம் திரும்பியது, மினுமினுப்பு திரும்பவில்லை. அந்த வீட்டுக்காரர் சந்தோஷமாகத்தான் பணம் கொடுத்தார். எனக்குத்தான் அந்த அறையை நினைத்தால் இன்றும் வருத்தம். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் அடித்துவிடலாம், நூறு வருடமானாலும் முழுசாக எடுக்க முடியாது.

கேம்பிள் குடும்பம் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சாட்சி அதே ஊரில் இருக்கிறது. கிரீன் சகோதரர்கள் 1907-இல் வரைந்த பிளாக்கர் வீடு. மர வியாபாரத்தில் சம்பாதித்த ராபர்ட் பிளாக்கருக்காகக் கட்டியது. கேம்பிள் வீட்டைவிடப் பெரியது. பிளாக்கர் தம்பதி காலமான பிறகு 1940-களிலேயே மேஜை நாற்காலிகள் விலைபோய்ச் சிதறின. 1985-இல் வீட்டை வாங்கிய ஒருவர், அதற்கென்றே செய்த விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றி வெளியே விற்றார். ஊரே கொதித்தது, இப்படிக் கழற்றுவதைத் தடுக்க நகரம் அவசரச் சட்டம் போட்டது. கழற்றியவர் சட்டப்படி உரிமையாளர், அவர் செய்தது அன்று குற்றமில்லை என்பதை மறக்கக் கூடாது. பிறகு வந்த உரிமையாளர்கள் பொறுமையாக ஒவ்வொன்றையும் நகல் செய்து வீட்டை மீட்டார்கள். இன்று பார்க்க அழகாகவே இருக்கிறது.

பிளாக்கரின் மனைவியுடைய சகோதரிக்காகப் பெர்க்லியில் கட்டிய தார்சன் வீட்டுக்கு இன்னொரு விதி. 1940-களில் அது, மாணவர்கள் சேர்ந்து தங்கும் ஒரு சங்கத்தின் கைக்குப் போனது. இன்றும் மாணவர்கள் குடியிருக்கும் வீடு அது. கேம்பிள் வீட்டிலும் மாணவர்கள் உண்டு, ஆனால் வேறு மாதிரி: 1966-க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கட்டடக் கலை இறுதியாண்டு மாணவர் இருவர் அங்கேயே தங்கிப் படிக்கும் வழக்கம் வந்தது. வீடு பொதுச் சொத்தானபோது முதல் காப்பாளராக வந்த ராண்டல் மேக்கின்சன் பல ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தார். 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். நிலமும் கட்டடமும் இன்றும் நகரத்தின் பெயரில்தான். அன்றாட நிர்வாகம் இப்போது பல்கலைக்கழகத்திடமிருந்து தனி அறக்கட்டளைக்கு மாறியிருக்கிறது.

கிரீன் சகோதரர்களுக்கு இதில் எவ்வளவு தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1952-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் இருவருக்கும் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அப்போது இருவருமே எண்பதைத் தாண்டியவர்கள். ஹென்றி 1954-இல் போனார், சார்லஸ் 1957-இல். தங்கள் வேலையை உலகம் மறுபடி திரும்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்கள். அந்த வீட்டின் கதவு ஊருக்குத் திறந்ததைக் காணவில்லை.

நீங்கள் மறுபடி போவதாக எழுதியிருக்கிறீர்கள். போனால் கூடத்துப் படிக்கட்டின் அருகே கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். தொட விடமாட்டார்கள், பார்த்தால் போதும். கைப்பிடிச் சட்டம் சாய்ந்து இறங்காமல் படிபோலவே மடிந்து மடிந்து இறங்கும். ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு கட்டைகள் கைவிரல்கள் கோத்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும். அந்தக் கோப்பில் ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். நான் ஒவ்வொரு தடவையும் தேடியிருக்கிறேன், எனக்கு அகப்பட்டதில்லை.